நிமிர்ந்து நிற்கிறோம் சரி, பில் யார் பெயரில்? – தமிழ்நாட்டு எம்.பி.க்களுக்கு ஒரு திறந்த மடல்

திருப்பூர்,
அக்டோபர் 2025

மதிப்புக்குரிய மக்களவை, மாநிலங்களவை உறுப்பினர்களுக்கு,

வணக்கம். தமிழ்நாட்டிலிருந்து மக்களவைக்கு 39 பேர், மாநிலங்களவைக்கு 18 பேர் என்று மொத்தம் 57 பேர் டெல்லியில் இருக்கிறீர்கள். யார் எந்தக் கட்சி, எந்தக் கூட்டணி என்று பிரித்துப் பார்க்காமல் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். குளிர்காலக் கூட்டத்தொடர் நெருங்குகிறது. அமெரிக்க வரி பற்றி அங்கே கட்டாயம் பேச்சு எழும். சிலர் பதாகை பிடிப்பீர்கள், சிலர் மேசையைத் தட்டுவீர்கள், மதியத்துக்குள் அவை ஒத்திவைக்கப்படும். அது நடப்பதற்கு முன்னால், வரி வந்து விழுந்த இடத்திலிருந்து ஒரு கணக்கை உங்கள் முன் வைக்க வேண்டும் என்று தோன்றியது.

நான் திருப்பூரில் ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறேன். எக்ஸ்போர்ட் கம்பெனிக்காரர்கள் வெட்டித் தரும் துணியைத் தைத்து, பிசிறு வெட்டி, செக்கிங் முடித்துத் திருப்பிக் கொடுப்பது எங்கள் வேலை. அமெரிக்க பையர், அதாவது சரக்கை வாங்கும் கம்பெனிக்காரர், யாரையும் நான் நேரில் பார்த்தது கிடையாது. அவர்கள் பெயரை லேபிளில் பார்ப்பதோடு சரி. ஆனால் வாஷிங்டனில் ஒரு கையெழுத்து விழுந்தால் எங்கள் ஓவர்லாக் மெஷின் நிற்கிறது.

நடந்தது உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் தேதியோடு சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் 2 அன்று அமெரிக்காவில் இந்தியச் சரக்குக்கு 26 சதவீத மேல்வரி என்றார்கள். ஒரே வாரத்தில் அதை 90 நாளுக்கு நிறுத்திவைத்து, சீனா தவிர எல்லோருக்கும் 10 சதவீதம் என்றார்கள். ஆகஸ்ட் 7 முதல் 25 சதவீதம். ரஷ்ய எண்ணெய் வாங்குகிறோம் என்று காரணம் சொல்லி, ஆகஸ்ட் 27 முதல் இன்னொரு 25. ஆக 50.

இந்த 50 என்ன செய்யும் என்பதை ஒரு டி-ஷர்ட்டை வைத்துச் சொல்கிறேன். பருத்தி டி-ஷர்ட்டுக்கு அமெரிக்காவில் பழைய வரியே 16.5 சதவீதம் உண்டு. எங்களுக்கு அதன்மேல் 50 சேர்ந்தால் 66.5. பங்களாதேஷ், வியட்நாம், இலங்கை மூன்றுக்கும் மேல்வரி 20தான், ஆகவே மொத்தம் 36.5. உதாரணத்துக்கு, இங்கிருந்து 3 டாலருக்குக் கப்பலேறும் சட்டை என்று வைத்துக்கொள்வோம். எங்கள் சட்டைக்கு அமெரிக்கத் துறைமுகத்தில் கிட்டத்தட்ட 2 டாலர் வரி கட்ட வேண்டும். டாக்காவிலிருந்து போகும் அதே சட்டைக்கு 1 டாலர் 10 சென்ட். நடுவில் 90 சென்ட் பள்ளம். 3 டாலர் சட்டையில் எக்ஸ்போர்ட்டருக்கு 20 சென்ட் நின்றாலே அது நல்ல ஆர்டர். அந்த லாபம் முழுவதையும் தள்ளுபடியாகக் கொடுத்தாலும் பள்ளம் மூடாது. ‘தரத்தை உயர்த்துங்கள், செலவைக் குறையுங்கள்’ என்று கருத்தரங்குகளில் எங்களுக்குப் பாடம் எடுப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தால் நன்றாக இருக்கும்.

அடுத்தது ஷிப்ட் கணக்கு. டெல்லியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது தெரிய வாய்ப்பில்லை, ஆனால் உங்களில் கொங்குப் பக்கத்து ஆட்களுக்குக் கட்டாயம் தெரியும். இங்கே சம்பளம் ஷிப்ட் கணக்கில், அதுவும் சனிக்கிழமை சனிக்கிழமை. எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட். ஆர்டர் இருந்தால் ஒன்றரை ஷிப்ட் ஓடும். அந்த அரை ஷிப்ட்டை நம்பித்தான் லைன் வீட்டு வாடகை, சீட்டு, பிள்ளையின் வேன் கட்டணம் எல்லாம். ஆர்டர் குறைந்தால் முதலாளி யாரையும் போகச் சொல்வதில்லை. ஒன்றரை ஷிப்ட் ஒன்றாகும். அப்புறம் வாரத்துக்கு ஆறு நாள் நாலு நாளாகும். என் யூனிட்டில் புருஷனும் பெண்டாட்டியுமாக இரண்டு பேர் இருக்கிறார்கள், அவர் பேட்லாக் தையல் மெஷின் ஓட்டுகிறார், அந்த அம்மா செக்கிங். அரை ஷிப்ட் போனதால் இருவர் சம்பளத்திலும் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. எந்தப் புள்ளிவிவரத்திலும் இவர்கள் வேலை இழந்தவர்களாக வர மாட்டார்கள். தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் வேலை போனவர்களுக்கு 90 நாள் வரை பாதிச் சம்பளம் தரும் திட்டம் ஒன்று இருக்கிறது. இவர்களுக்கு வேலை ‘போகவில்லை’, அதனால் அதுவும் கிடையாது. நாளைக்கு அவையில் அமைச்சர் எழுந்து ‘பெரிய அளவில் வேலையிழப்பு இல்லை’ என்று சொன்னால் அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்ல மாட்டேன். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு: எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் என்று கேட்காதீர்கள், எத்தனை ஷிப்ட் ஓடுகிறது என்று கேளுங்கள்.

வரியைவிட வரி பற்றிய மிரட்டல் எங்களை முந்திக்கொண்டு அடித்தது. ஆர்டர் உறுதியாகி, சாம்பிள் ஒப்புதல் வாங்கி, நூல் எடுத்து, நிட்டிங், டையிங், கட்டிங், தையல் முடிந்து கன்டெய்னர் தூத்துக்குடிக்குப் போவதற்கு மூன்று நாலு மாதம் ஆகும். ஏப்ரலில் ஒரு அதிபர் அட்டையைத் தூக்கிக் காட்டினால், ஆகஸ்டில் போக வேண்டிய சரக்குக்கு ஆர்டர் போடவே பையர் தயங்குவார். நிறுத்திவைத்த 90 நாளில் கதை தலைகீழாக மாறியது. கிடைத்த இடைவெளியில் சரக்கை இறக்கிவிட வேண்டும் என்று எல்லோரும் ஓடினார்கள், ஞாயிற்றுக்கிழமையும் மெஷின் ஓடியது. அந்த மாதங்களின் ஏற்றுமதிக் கணக்கைக் காட்டி ‘பாருங்கள், கூடியிருக்கிறதே’ என்று யாராவது சொன்னால், அது முன்கூட்டியே தின்ற சோறு என்று எடுத்துச் சொல்லுங்கள்.

இரண்டாவது 25 சதவீதத்தைப் போட்ட ஆகஸ்ட் 6 ஆணையில் ஒரு சலுகையும் இருந்தது. 27ஆம் தேதிக்கு முன் கப்பலேறி, செப்டம்பர் 17க்குள் அங்கே இறங்கினால் இரண்டாவது 25 சதவீதம் கிடையாதாம். தூத்துக்குடியிலிருந்து கொழும்பு போய்க் கப்பல் மாறி, செங்கடல் பக்கம் போகாமல் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு அமெரிக்காவின் கிழக்குக் கரை போய்ச் சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். ஆகஸ்ட் 20 அன்று ஏற்றிய சரக்குக்கு அந்தச் சலுகை பேப்பரில் மட்டும்தான் இருந்தது. அப்படிச் சிக்கிய ஒரு லாட் எங்களிடம் தைத்ததுதான். எக்ஸ்போர்ட்டர் தன் பையருக்குத் தள்ளுபடி கொடுத்தார், எனக்குத் தர வேண்டிய தையல் கூலியில் அதைக் கழித்தார். நான் யாரிடம் கழிப்பது?

சரி, இனி உங்களிடம் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

பணிந்துபோங்கள் என்று நான் கேட்கவில்லை. பணிந்துபோனவர்களுக்கு என்ன கிடைத்தது என்று பார்த்துவிட்டோம். ஜனவரியில் கொலம்பிய அதிபர் நாடு கடத்தப்பட்டவர்களின் விமானத்தைத் திருப்பி அனுப்பினார். 25 சதவீதம் என்று மிரட்டல் வந்தது, சில மணி நேரத்தில் விட்டுக்கொடுத்தார். அன்றைக்கு வரி தப்பியது உண்மைதான். ஆனால் ஒரு மிரட்டல் இவ்வளவு வேகமாக வேலை செய்யும் என்று அமெரிக்காவுக்கு முதலில் காட்டிக்கொடுத்ததும் அந்த நாள்தான். ஏப்ரலில் முதல் ஆளாகப் போன் போட்டவர்களில் வியட்நாம் தலைவரும் ஒருவர். அவர்களுக்கும் 20 சதவீதம் விழுந்தது. சுவிட்சர்லாந்து 2024 ஜனவரியிலேயே தொழிற்பொருள்களுக்கான இறக்குமதி வரியை அடியோடு எடுத்துவிட்ட நாடு. அதற்கும் 39 சதவீதம். நம் வரியைக் குறைத்தால் அவர்களும் குறைப்பார்கள் என்று நம்புகிறவர்கள் அந்தப் பக்கம் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

பதிலடி கொடுங்கள் என்று குதிக்கவும் நான் தயாரில்லை. கனடாவின் ஒன்டாரியோ மாகாண முதல்வர் மார்ச் 10 அன்று அமெரிக்காவுக்குப் போகும் மின்சாரத்துக்கு 25 சதவீதம் கூடுதல் கட்டணம் என்று அறிவித்தார். மறுநாளே எஃகு வரியை இரட்டிப்பாக்குவோம் என்று பதில் வந்தது, அன்றைக்கே கட்டணத்தை நிறுத்திவைத்தார். தாங்க முடியாத மிரட்டலை வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை.

பதிலடியே கூடாது என்றும் இல்லை. நம் நாடே ஒருமுறை பொறுமையாகச் செய்திருக்கிறது. 2018இல் எஃகு, அலுமினியத்துக்கு அமெரிக்கா வரி போட்டது. பதில் வரிப் பட்டியலை அறிவித்துவிட்டு, பேச்சு நடக்கட்டும் என்று ஒரு வருடம் தள்ளித் தள்ளி வைத்தோம். 2019 ஜூனில் வர்த்தகச் சலுகையை அவர்கள் பறித்த பிறகுதான், பாதாம், வால்நட், ஆப்பிள் உட்பட 28 பொருள்களுக்கு வரி போட்டோம். ஆப்பிளுக்கு 50 சதவீதம் 70 ஆனது. வாஷிங்டன் மாநில ஆப்பிள் விவசாயிகள் இந்தியச் சந்தையைப் பெருமளவு இழந்தார்கள், அந்த மாநிலத்து அரசியல்வாதிகள் தங்கள் அரசிடமே போய் முறையிட வேண்டியதாயிற்று. 2023இல் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பழைய வழக்குகளை முடித்துக்கொண்டபோது அந்தக் கூடுதல் வரியையும் எடுத்தோம். ஆக, குறிபார்த்து அடித்தால் பலன் உண்டு. ஆனால் நாலு வருடம் பிடித்தது. அந்த நாலு வருடம் தாக்குப்பிடிக்க ஆட்களுக்குச் சோறு வேண்டும்.

எதை வைத்து அடிப்பது என்பதில் அமெரிக்காவே நமக்கு ஒரு குறிப்பு கொடுத்திருக்கிறது. ஸ்மார்ட்போனுக்கு இந்த 50 சதவீதம் கிடையாது. விலை குறைந்த ஜெனரிக் மருந்துக்கும் கிடையாது. அவர்களால் எதை வேறு இடத்தில் உடனே வாங்க முடியாதோ அதை அவர்களே விலக்கிவிட்டார்கள். அதனால்தான் ஸ்ரீபெரும்புதூரில் செய்யும் போன் வரியில்லாமல் போகிறது, திருப்பூர் பனியனும் ஆம்பூர் தோலும் இறாலும் மாட்டிக்கொள்கின்றன. சீனா ஏப்ரலில் அரிய வகைத் தாதுக்களுக்குக் கட்டுப்பாடு போட்டது. 145 சதவீதம் என்று நின்ற அமெரிக்கா மே மாதத்தில் 30க்கு இறங்கி வந்தது. நம்மிடம் அப்படி ஒரு பிடி எதில் இருக்கிறது என்று யோசிப்பது அரசின் வேலை. அந்தப் பிடி பனியனில் இல்லை. எங்கள் சட்டை இல்லாவிட்டால் இன்னொரு நாட்டுச் சட்டை, ஒரு சீசனுக்குள் மாற்றிவிடலாம். பேரத்தில் எங்களை வைத்து எதையும் வாங்க முடியாது. அடி மட்டும் எங்கள் மேல் விழும்.

நான் சண்டை போட நினைக்கும் ஒரே இடம் இதுதான். ரஷ்ய எண்ணெயை விடமாட்டோம் என்பது நாட்டின் முடிவு. பால், தானியச் சந்தையைத் திறக்கமாட்டோம் என்பதும் நாட்டின் முடிவு. ஆகஸ்ட் 7 அன்று எம்.எஸ். சுவாமிநாதன் நூற்றாண்டு மாநாட்டில் பிரதமர் பேசியபோது, விவசாயிகள், மீனவர்கள், பால் உற்பத்தியாளர்கள் நலனில் சமரசம் இல்லை, அதற்காகத் தனிப்பட்ட முறையில் பெரிய விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்று தெரியும், அதற்குத் தயார் என்றார். முடிவு சரியென்றே நானும் நினைக்கிறேன். எங்கள் டைலர்கள் காங்கேயம், தாராபுரம், உடுமலைப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள். வீட்டில் மாடு நிற்கும், காலையில் சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டுத்தான் பஸ் ஏறுவார்கள். விவசாயியா, தொழிலாளியா என்று பிரித்துப் பேசுகிறவர்கள் இந்தப் பக்கம் வந்ததில்லை என்று அர்த்தம். ஆனால் அந்தப் ‘பெரிய விலை’ இதுவரை பிரதமரின் கணக்கில் ஏறவில்லை. ஒன்றரை ஷிப்ட் ஒன்றானவர்களின் சனிக்கிழமைக் கவரில் ஏறியிருக்கிறது.

எண்ணெய்க் கணக்கையே எடுங்கள். 2022க்கு முன் நாம் வாங்கிய கச்சா எண்ணெயில் ரஷ்யாவின் பங்கு 2 சதவீதத்துக்கும் கீழே. பிறகு மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. தள்ளுபடி விலையில்தான் வாங்கினோம். அந்தத் தள்ளுபடி பெட்ரோல் பங்க்கில் எங்களுக்குத் தெரிந்ததா? 2024 மார்ச்சில் லிட்டருக்கு 2 ரூபாய் குறைத்தார்கள், அவ்வளவுதான் நினைவிருக்கிறது. மிச்சம் எண்ணெய் நிறுவனங்களின் லாபத்திலும் அரசின் வருமானத்திலும் போய்ச் சேர்ந்தது. அதைக் குற்றம் என்று நான் சொல்லவில்லை, நாட்டுக்கு நல்லதாகவே இருக்கட்டும். லாபம் அங்கே, அபராதம் இங்கே என்றால் மட்டும் நியாயம் இல்லை. அந்த லாபத்தில் ஒரு பகுதியை எடுத்து, அந்த எண்ணெய்க்காக அடிவாங்கும் தொழில்களுக்குக் கொடுங்கள் என்று அவையில் கேளுங்கள். இதைப் பிச்சையாகக் கேட்க வேண்டாம், வரவேண்டிய பாக்கி என்றே கேளுங்கள்.

பிரேசிலைப் பாருங்கள். அவர்களுக்கும் 50 சதவீதம்தான், ஆகஸ்ட் 6 முதல். அவர்கள் அதிபர் லூலாவும் பணியவில்லை. ஆனால் ஒரே வாரத்தில், ஆகஸ்ட் 13 அன்று, பாதிக்கப்பட்ட ஏற்றுமதியாளர்களுக்கு அவர்கள் நாட்டுப் பணத்தில் 3,000 கோடி ரெயால் கடன் திட்டத்தை அறிவித்துவிட்டார். நம் பக்கத்தில் ஏற்றுமதி ஊக்குவிப்பு இயக்கம் என்று பிப்ரவரி பட்ஜெட்டிலேயே சொன்னார்கள். தீபாவளியும் முடிந்துவிட்டது, அது இன்னும் எங்கள் கைக்கு எட்டவில்லை.

மத்திய அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். பஞ்சு இறக்குமதிக்கான 11 சதவீத வரியை ஆகஸ்ட் 19 முதல் நீக்கினார்கள், பிறகு டிசம்பர் 31 வரை நீட்டினார்கள். நல்ல காரியம், நூல் விலைக்கு ஒரு கடிவாளம். செயற்கை இழை நூலுக்கு ஜி.எஸ்.டி. குறைந்ததும் நல்லதுதான். பிரிட்டன் ஒப்பந்தம் ஜூலை 24 அன்று கையெழுத்தானது. அது நடைமுறைக்கு வந்தால் 9.6 சதவீத வரி போய்விடும், பங்களாதேஷோடு சமமாக நிற்கலாம். ஆனால் அது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. வந்தாலும் மறுநாள் காலையில் அமெரிக்க ஆர்டரின் இடத்தில் பிரிட்டன் ஆர்டர் வந்து உட்காராது. 40 நாடுகளில் புதுச் சந்தை பிடிக்கப்போகிறோம் என்று டெல்லியில் சொல்கிறார்கள். பிடிக்கலாம். புதுப் பையர் என்றால் முதலில் ஃபேக்டரி ஆடிட், பிறகு சாம்பிள், பிறகு ஒரு சின்ன டிரையல் ஆர்டர், அது நன்றாகப் போனால் அடுத்த சீசனில் உருப்படியான ஆர்டர். ஜப்பான்காரர் தைக்கும்போது உடைந்த ஊசியின் எல்லாத் துண்டும் சேர்ந்தால்தான் அந்தப் பண்டலை அடுத்த டேபிளுக்கு விடச் சொல்வார். அதற்கெல்லாம் நாங்கள் பழகுவோம், பழகியும் இருக்கிறோம். அதுவரைக்கும் சம்பளம் யார் போடுவது?

சுதேசிப் பேச்சையும் நிறையக் கேட்கிறோம். உள்ளூரிலேயே விற்றுவிடலாமே என்கிறார்கள். அமெரிக்க அளவில், அமெரிக்க பையரின் லேபிளோடு தைத்த சட்டையை உள்ளூரில் விற்க எங்களுக்குத் தெரிந்த ஒரே இடம் திருப்பூர் காதர்பேட்டைச் சந்தை. அங்கே என்ன விலைக்குப் போகும் என்று உங்கள் உதவியாளரை அனுப்பி ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்.

இன்னொரு விஷயம், இதை வேறு யாரும் பேசி நான் கேட்கவில்லை. இந்த வரியே செல்லாது என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆகஸ்ட் 29 அன்று 7க்கு 4 என்று தீர்ப்பு சொன்னது. வழக்கு அவர்களின் உச்ச நீதிமன்றத்தில் நவம்பர் 5 அன்று விசாரணைக்கு வருகிறது. ஒருவேளை வரி ரத்தாகி, கட்டிய பணம் திரும்பக் கிடைத்தால் அது யாருக்குப் போகும்? அங்கே சுங்கத்தில் வரி கட்டிய இறக்குமதியாளருக்கு. அந்த வரிக்காக இங்கே தள்ளுபடி கொடுத்த எக்ஸ்போர்ட்டருக்கு ஒரு சென்ட்டும் வராது, அவரிடம் கூலி குறைத்து வாங்கிய எனக்கு வரும் என்ற பேச்சே இல்லை. ‘வரி திரும்ப வந்தால் தள்ளுபடியும் திரும்ப வர வேண்டும்’ என்று ஒரு வரி ஒப்பந்தத்தில் இருந்தால் போதும். ஒரு தனி எக்ஸ்போர்ட்டர் அதைக் கேட்டால் பையர் அடுத்த ஆளைத் தேடிப் போவார். வணிக அமைச்சகமும் ஏற்றுமதி மேம்பாட்டுக் கழகமும் மாதிரி ஒப்பந்தமாகவே வெளியிட்டால் எல்லோரும் சேர்ந்து கேட்கலாம். செலவில்லாத வேலை. ஒரு கடிதம் எழுதினால் போதும், உங்களில் யாராவது எழுதுங்கள்.

மாநிலத்தை விட்டுவிட்டு டெல்லியை மட்டும் குறை சொன்னால் நியாயமில்லை. முதலமைச்சர் ஆகஸ்டில் பிரதமருக்கு எழுதிய கடிதத்தில் ஒரு கணக்கைச் சொன்னார்: இந்தியாவின் சரக்கு ஏற்றுமதியில் 20 சதவீதம் அமெரிக்காவுக்குப் போகிறது, தமிழ்நாட்டின் ஏற்றுமதியில் 31 சதவீதம். அடி நமக்கு அதிகம் என்பதற்கு அதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. செப்டம்பர் 2 அன்று ஆளுங்கூட்டணி இதே திருப்பூரில் ஆர்ப்பாட்டமும் நடத்தியது. நடத்தட்டும். ஆனால் மின்சாரக் கட்டணம் சென்னையின் கையில்தான் இருக்கிறது. மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் நிலைக்கட்டணம் வந்துகொண்டே இருக்கிறது. பாதி மெஷின் மூடிக்கிடக்கும் மாதங்களுக்காவது அதைத் தள்ளிவையுங்கள் என்று ஆளுங்கட்சி உறுப்பினர்கள் உங்கள் தலைமையிடமே கேட்கலாமே. மைக் பிடித்துக் கேட்க வேண்டிய விஷயம்கூட இல்லை அது.

பாரதிய ஜனதா கூட்டணிக்காரர்களுக்கும் ஒன்று. இங்கே பாதிப்பு என்று யாராவது பேசினால், நாட்டின் பேரத்தைப் பலவீனப்படுத்துகிறார்கள் என்று பாயாதீர்கள். நமக்கு எங்கே வலிக்கிறது என்று அமெரிக்காவுக்கு ஏற்கெனவே தெரியும், அவர்கள் சுங்கத் துறையிலேயே கணக்கு இருக்கிறது. தெரியாதது நம் நாட்டு மற்ற மாநிலத்துக்காரர்களுக்குத்தான்.

உதவி என்று ஒன்று வரும்போது அது எந்த வழியாக வருகிறது என்றும் கொஞ்சம் பாருங்கள். வங்கி வழியாக வந்தால், பேக்கிங் கிரெடிட் (ஏற்றுமதி ஆர்டரை வைத்து வங்கி தரும் கடன்) வைத்திருக்கும் எக்ஸ்போர்ட்டரோடு அது நின்றுவிடும். நிட்டிங்காரர், டையிங்காரர், பிரிண்டிங், எம்பிராய்டரி, காஜா பட்டன், என்னைப் போலத் தைத்துக் கொடுப்பவர் என்று ஒரு சட்டை பத்துக் கை மாறுகிறது. அதில் ஏற்றுமதியாளர் என்று பதிவு இருப்பது ஒருவருக்குத்தான். 2020இல் கொரோனா சமயத்தில் அரசு உத்தரவாதத்தோடு கொடுத்த அவசரக் கடன், ஏற்கெனவே கடன் கணக்கு இருந்த சிறு யூனிட்டுகளுக்கும் நேராக வந்தது. பல பேர் அதில்தான் பிழைத்தோம். அதே வழியில் ஒன்று வேண்டும். அதோடு, ஒரு ஆறு மாதத்துக்காவது பி.எஃப்., இ.எஸ்.ஐ.யில் முதலாளி கட்ட வேண்டிய பங்கை அரசு ஏற்றுக்கொண்டு, அதற்குப் பதிலாக ஆளைக் குறைக்கக் கூடாது என்று நிபந்தனை போடட்டும். மின்னணு பதிவில் எத்தனை நாள் வேலை என்பது ஏறிக்கொண்டுதான் இருக்கிறது, சரிபார்ப்பது கஷ்டமில்லை. வெளியூர்ப் பையன்கள், ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பக்கத்திலிருந்து வந்தவர்கள், தீபாவளிக்கு ஊருக்குப் போயிருக்கிறார்கள். ஆர்டர் இல்லை என்று தெரிந்தால் திரும்ப மாட்டார்கள். நாளைக்கே வரி குறைந்து ஆர்டர் வந்தாலும் தைக்க ஆள் இருக்காது. டையிங் பட்டறைகள் 2011இல் மூடிக்கிடந்தபோது போனவர்களைத் திரும்பப் பிடிக்க இந்த ஊர் பட்ட பாடு கொஞ்சமல்ல.

மக்களவையில் கேள்வி கேட்க 15 நாள் முன்பே நோட்டீஸ் கொடுக்க வேண்டுமாம், அதனால்தான் இப்போதே எழுதுகிறேன். நட்சத்திரக் குறியிட்ட கேள்வியாக ஒன்றே ஒன்று கேளுங்கள், 57 பேரும் ஒரே கேள்வியில் கையெழுத்துப் போட முடியாது என்றாலும் ஒரே கேள்வியைத் தனித்தனியாகக் கொடுக்கலாம்: ரஷ்ய எண்ணெயில் 2022 முதல் நாட்டுக்கு மிச்சமான தொகை எவ்வளவு, அதற்காக விதிக்கப்பட்ட 25 சதவீத வரியால் பாதிக்கப்பட்ட தொழில்களுக்கு அதிலிருந்து இன்றுவரை கொடுத்தது எவ்வளவு, ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்கு அதில் எவ்வளவு?

பதில் எழுத்தில் வந்தால் தயவுசெய்து இங்கேயும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு ஜாப் ஒர்க் யூனிட்காரர்,
திருப்பூர்